ஆங்கில வினைச்சொல்லை ஸ்பானிஷுக்குக் கொண்டு போவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஸ்பெயின் பையருக்குச் சாம்பிள் அனுப்புகிறவர்கள், கோவையில் மெக்ஸிகோ, பெரு ஆர்டர்களுக்கு மெயில் பார்க்கிறவர்கள், வேலைக்கோ படிப்புக்கோ ஸ்பானிஷ் கற்கத் தொடங்கியவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கும்போது பெயர்ச்சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. வினைச்சொற்கள்தான் கவிழ்த்துவிடுகின்றன.

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். 'த' என்று எழுதியிருந்தால் 'ட' என்று சொல்லாதீர்கள். ஸ்பானிஷில் நாக்கு பல்லில் படுகிற த மட்டும்தான், அது நமக்குப் பழக்கமானதும்கூட. 'ஹ' வருமிடத்தில் தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு வேண்டும். 'ஸ' என்று எழுதியவற்றில் சிலவற்றை ஸ்பெயினில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் எல்லாமே ஸ.

டிக்‌ஷனரியில ஒரு ஆங்கில வினைக்குப் பத்து ஸ்பானிஷ் சொல் இருக்குதுங்க. எதை எடுக்கறது?

சொல்லைத் தேடுவதற்கு முன்னால், அந்த வாக்கியத்தை வீட்டில் பேசுகிற தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தமிழ் வாக்கியத்தில் வருகிற வினைக்குத்தான் ஸ்பானிஷ் சொல் தேட வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல் ஏழெட்டு வேலை பார்க்கும். அந்த வேலைகளைத் தமிழ் தனித்தனி வினைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும், ஸ்பானிஷும் ஏறக்குறைய அதே இடங்களில் பிரித்திருக்கும். தமிழும் சேர்ந்து ஏமாற்றுகிற இடங்கள் சில உண்டு: கேள், தெரியும், வா. அவற்றுக்குக் கீழே தனிக் கேள்விகள் இருக்கின்றன.

'கெட்' என்ற சொல்லுக்கு ஸ்பானிஷ் என்ன?

ஒரே சொல்லாக எதுவும் கிடையாது. தேடுவதும் வீண். தமிழில் என்ன சொல்வீர்கள் என்று பாருங்கள்.

"உங்க மெயில் வந்துச்சு, கிடைச்சுது" என்பது ரெஸிவீர். 'ரெஸிவீ ஸு கொர்ரேயோ' என்றால் உங்கள் மெயில் கிடைத்தது. அலைந்து திரிந்து ஏற்பாடு பண்ணுவது கொன்ஸெகீர்: 'கொன்ஸெகீமோஸ் லா தேலா', துணிக்கு ஏற்பாடு பண்ணிவிட்டோம். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் பையருக்குச் செய்தி மாறிவிடும். ரெஸிவீர் என்றால் துணி கைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார். கொன்ஸெகீர் என்றால் துணி அமைந்துவிட்டது, ஆனால் இன்னும் மில்லிலேயே இருக்கலாம்.

வீடு வந்து சேர்வது யெகார். பஸ்ஸில் ஏறுவது ஸுவீர், இறங்குவது பஹார். காலையில் எழுவது லெவந்தார்ஸே.

ஒரு நிலைக்கு மாறுவதைச் சொல்ல ஸ்பானிஷ் பெரும்பாலும் 'ஸே' சேர்த்த வினையைப் பயன்படுத்தும். நனைந்துவிட்டது 'ஸே மொஹோ', சுருங்கிவிட்டது 'ஸே எங்கொஹியோ', கோபப்பட்டார் 'ஸே என்ஃபதோ'. மெக்ஸிகோ பக்கம் இந்தக் கோபத்துக்கு 'ஸே எனொஹோ' என்பார்கள்.

'டேக்' மட்டும் ஒரே சொல்லா இருக்குமுங்களா?

அதுவும் பிரியும். மருந்து சாப்பிடுவது, காபி குடிப்பது, பஸ்ஸைப் பிடிப்பது எல்லாம் தொமார். ஒரு பொருளையோ ஆளையோ ஓரிடத்துக்குக் கொண்டுபோவது யெவார். போட்டோ எடுப்பது ஸகார்: 'ஸகார் உனா ஃபோதோ'. லேபிளைப் பிரித்தெடுப்பது கிதார்: 'கிதார் லா எதிகேதா'.

நேரம் பிடிப்பதற்குத் தர்தார். 'குவாந்தோ தார்தா?' என்றால் எவ்வளவு நாள் ஆகும். 'எல் எம்பீயோ தார்தா பெய்ந்தே தீயாஸ்' என்றால் சரக்குப் போய்ச்சேர 20 நாள் ஆகும். இங்கே தொமார் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் அதிகம். டெலிவரி தேதி பேசுகிற இடம் என்பதால் தர்தார் சரளமாக வர வேண்டும்.

'இருக்கு' என்பதற்கு ஸெர், எஸ்தார்னு ரெண்டு இருக்குதே. நிரந்தரமானதுக்கு ஸெர், தற்காலிகத்துக்கு எஸ்தார்னு படிச்சோம். சரிதானுங்களா?

பாதிதான் சரி, அந்த விதியை நம்பினால் பல இடத்தில் சறுக்கும். செத்துப்போனது நிரந்தரம், ஆனால் ஸ்பானிஷில் அது 'எஸ்தா முவேர்தோ'. மாத்ரித் நகரம் ஸ்பெயினில் இருப்பதும் நிரந்தரம்தான், அதற்கும் எஸ்தா. தமிழை வைத்துப் பார்த்தால் இதைவிடத் தெளிவாக வரும்.

தமிழ் வாக்கியத்தில் வினையே வராவிட்டால் ஸெர். "அவர் டாக்டர்", "இது காட்டன்", "நாங்க ஈரோடு" என்று பேசும்போது நாம் 'இருக்கு' போடுவதில்லை. ஸ்பானிஷில் அங்கெல்லாம் ஸெர்: 'எஸ் தே அல்கொதோன்', காட்டன் துணி.

எங்கே இருக்கிறது என்றால் எஸ்தார். 'எல் கொந்தெனெதோர் எஸ்தா என் எல் புவெர்தோ', கன்டெய்னர் துறைமுகத்தில் இருக்கிறது. இதில் ஒரு விலக்கு உண்டு. மீட்டிங், கல்யாணம், கண்காட்சி போன்றவை எங்கே நடக்கின்றன என்று சொல்ல ஸெர் வேண்டும்: 'லா ரெஉனியோன் எஸ் என் லா ஒஃபிஸினா'. தமிழில் 'நடக்குது' என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் ஸெர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'ஈரமா இருக்கு', 'மெத்துன்னு இருக்கு' போன்றவைதான் தடுமாற வைக்கும். இங்கே 'ஆயிருக்கு' போட்டுப் பாருங்கள். துணி ஈரம் ஆயிருக்கு, அழுக்கு ஆயிருக்கு, சாம்பிள் ரெடி ஆயிருக்கு: இவை எஸ்தார். துணி தொட்டால் மெத்தென்று இருக்கிறது, டிரைவர் உயரமாக இருக்கிறார்: இவை அதன் குணம், ஆகி வந்தவை அல்ல, எனவே ஸெர். 'லா தேலா எஸ் ஸுவாவே', துணி மென்மையானது. 'லா தேலா எஸ்தா மொஹாதா', துணி நனைந்திருக்கிறது. ஒரே சொல் இரண்டிலும் வந்து பொருள் மாறுவதும் உண்டு. 'எஸ்தா லிஸ்தோ' தயாராக இருக்கிறார், 'எஸ் லிஸ்தோ' கெட்டிக்காரர்.

மூன்றாவதாக ஆய். "இதுல ஒரு ஓட்டை இருக்கு", "கறை இருக்கு" என்று முதன்முதலாகச் சொல்லும்போது ஸெரும் வராது, எஸ்தாரும் வராது. 'ஆய் உன் அகுஹெரோ', 'ஆய் உனா மான்ச்சா' என்பார்கள். செக்கிங் ரிப்போர்ட் படிக்கிறவர்கள் இந்த ஆயைத்தான் அதிகம் பார்ப்பார்கள். ஒன்றானாலும் நூறானாலும் ஆய் மாறாது.

"பையர்கிட்ட ரேட் கேட்டேன்", "டிஸ்கவுண்ட் கேட்டாரு": ரெண்டுக்கும் ஒரே சொல் போடலாமா?

கூடாது. இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒரே கட்சி, ஸ்பானிஷ் தனி. விவரம் கேட்டால் ப்ரெகுந்தார், பொருளையோ சலுகையையோ உதவியையோ கேட்டால் பெதீர். 'ப்ரெகுந்தோ எல் ப்ரெஸியோ', விலை என்ன என்று கேட்கிறேன். 'பீதோ உன் தெஸ்குவெந்தோ', தள்ளுபடி வேண்டும் என்று கேட்கிறேன். பதிலாக வருவது வெறும் வார்த்தையா, கைக்கு வேறொன்று வருமா என்று பார்த்தால் போதும். ஹோட்டலில் ஆர்டர் கொடுப்பதும் பெதீர்தான்.

தமிழில் காதால் கேட்பதும் 'கேள்'தான். அதற்கு ஒயீர், எஸ்குச்சார் என்று இரண்டு உண்டு. சத்தம் காதில் விழுவது ஒயீர், உட்கார்ந்து கவனமாகக் கேட்பது எஸ்குச்சார்.

"தெரியும்" என்பதற்கு?

ஆள், ஊர், இடம் பழக்கம் என்றால் கொனொஸேர். விலை, தேதி, செய்தி, எப்படிச் செய்வது என்பதெல்லாம் ஸவேர். 'கொனோஸ்கோ ஆ ஸு ஹெஃபே', உங்கள் முதலாளியை எனக்குப் பழக்கம். 'ஸே எல் ப்ரெஸியோ', விலை தெரியும்.

இறந்த காலத்தில் இரண்டுக்கும் பொருள் நகரும். 'லோ கொனொஸீ என் லா ஃபேரியா' என்றால் அவரைக் கண்காட்சியில் முதன்முதலாகச் சந்தித்தேன். 'ஸூபே' என்றால் எனக்குத் தெரிய வந்தது.

ஆங்கிலத்தில் 'கேன்' என்று ஒரே சொல்லில் முடிக்கிற இடத்தில் தமிழ் நேராகக் கைகொடுக்கும். "தைக்கத் தெரியும்" ஸாவே கொஸேர், "தைக்க முடியும்" புவேதே கொஸேர். கைப்பழக்கத்துக்கு ஸவேர். நேரமும் வசதியும் அனுமதியும் இருப்பதற்குப் பொதேர்.

"இதோ வந்துட்டேன்"னு சொல்ல வெனீர்தானே போடணும்?

தமிழர்கள் எல்லாரும் தவறுகிற இடம் இது. ஸ்பானிஷில் வருவதும் போவதும் பேசுகிறவர் நிற்கிற இடத்தை வைத்துத்தான். நான் எதிராளி இருக்குமிடத்துக்கு நகர்ந்தால் அது எனக்குப் 'போவது'. எனவே வாசலில் கூப்பிட்டால் 'யா போய்' என்றே பதில் சொல்ல வேண்டும். ஸ்பானிஷில் 'போய்' என்றால் 'போகிறேன்'. நம் போய்யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனால் நினைவில் நிற்க உதவும். முதல் எழுத்தைப் பஸ் என்பதில் வரும் ப போலச் சொல்ல வேண்டும்.

கொண்டு வருவதற்கும் இதே கணக்கு. நாளைக்கு உங்கள் ஆபீசுக்குச் சாம்பிள் கொண்டு வருகிறேன் என்பது 'மன்யானா லே யேவோ லாஸ் முவெஸ்த்ராஸ்'. பேசுகிறவர் இருக்குமிடத்துக்குக் கொண்டு வருவது த்ரயேர். அதைப் போட்டால் சாம்பிள் பேசுகிறவர் இடத்துக்கே வரப்போகிறது என்றாகி, பையர் குழம்புவார்.

விடைபெறும்போது "போயிட்டு வர்றேனுங்க" என்பதை அப்படியே 'போய் இ வெங்கோ' ஆக்கிவிடாதீர்கள். இதோ உடனே திரும்பிவிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். 'மே போய், அஸ்தா லுவேகோ' போதும்.

பசி, வயசு, பிடிக்கும் இதெல்லாம் ஆங்கிலத்தில ஒரு மாதிரி, ஸ்பானிஷ்ல ஒரு மாதிரி இருக்குதே?

பசி, தாகம், குளிர், வெக்கை, அவசரம், வயது எல்லாவற்றையும் ஸ்பானிஷ் தெனேர் போட்டு, நம்மிடம் உள்ள பொருளாகச் சொல்லும். 'தெங்கோ அம்ப்ரே' பசிக்கிறது. 'தெங்கோ த்ரெய்ந்தா அன்யோஸ்' எனக்கு 30 வயது. "எனக்கு" என்று தமிழில் தொடங்குகிற வாக்கியம் என்றால் முதலில் தெனேரை யோசியுங்கள். வெக்கையாக இருக்கிறது என்பதை 'தெங்கோ கலோர்' என்றுதான் சொல்ல வேண்டும். எஸ்தார் போட்டு 'எஸ்தோய் கலியேந்தே' என்றால் ஆபாசமான பொருள் வந்துவிடும்.

பிடிக்கும் என்பது நம் அமைப்பிலேயே இருக்கிறது: 'மே குஸ்தா எஸ்தே கொலோர்', எனக்கு இந்த நிறம் பிடிக்கிறது. நிறங்கள் பல என்றால் வினையும் பன்மையாகும்: 'மே குஸ்தான் எஸ்தோஸ் கொலோரெஸ்'. தமிழில் இந்த மாற்றம் இல்லாததால் நம் ஆட்கள் 'ன்' விட்டுவிடுவார்கள். ஆளைப் பிடிக்கும் என்று சொல்ல குஸ்தார் வேண்டாம், அது காதலாகிவிடும். 'மே காயே பியென்' என்றால் நல்ல மனுசர் என்று எனக்குப் படுகிறது.

"மறந்துபோச்சு", "கை தவறிடுச்சு"ன்னு சொல்ல வழி உண்டா?

உண்டு, அழகாகவே உண்டு. 'ஸே மே ஒல்விதோ' எனக்கு மறந்துபோச்சு. 'ஸே மே கயோ' கை தவறி விழுந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்கிற குறிப்பு இரண்டு மொழியிலும் ஒன்றுதான். ஆங்கிலத்தை வைத்து எழுதினால் 'நான் மறந்தேன்' என்று வரும். அது தவறில்லை, ஆனால் பழியைத் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி கொஞ்சம் கடினமாக விழும்.

குறைவதையும் இதே போக்கில் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'மிஸ்' என்று எழுதும் இடத்தில் "பத்து பீஸ் குறையுது" என்பது 'ஃபால்தான் தியெஸ் பியேஸாஸ்'. பட்டன் ஒன்று இல்லை 'ஃபால்தா உன் போதோன்'. பஸ்ஸைத் தவறவிடுவது பெர்தேர். ஊரையோ ஆளையோ நினைத்து ஏங்குவது ஸ்பெயினில் 'எச்சார் தே மேனோஸ்', லத்தீன் அமெரிக்காவில் எக்ஸ்த்ரன்யார்.

வினைக்குப் பின்னாடி சில நேரம் 'ஆ'ன்னு ஒரு எழுத்து வருது. அது எதுக்குங்க?

அது கிட்டத்தட்ட நம் 'ஐ' உருபு. "ஃபேக்டரி பார்த்தேன்" என்று ஐ இல்லாமல் சொல்வோம். "மேனேஜரைப் பார்த்தேன்" என்பதில் ஐ இல்லாமல் முடியாது. ஸ்பானிஷும் அப்படியே: 'பீ லா ஃபாவ்ரிகா', ஆனால் 'பீ ஆல் ஹெரெந்தே'. ஆவும், ஆங்கில 'தி' போன்ற எல்லும் சேர்ந்து ஆல் ஆகியிருக்கிறது.

இன்னும் நுணுக்கமாகப் பாருங்கள். ஃபேக்டரி கேட்டில் "டெய்லர் தேடறோம்" என்றால் யாராவது ஒரு டெய்லர். 'புஸ்காமோஸ் ஸாஸ்த்ரே' என்பதில் ஆ கிடையாது. "டெய்லரைத் தேடறோம்" என்றால் குறிப்பிட்ட அந்த ஆள். 'புஸ்காமோஸ் ஆல் ஸாஸ்த்ரே' ஆகிவிடும். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் மாதக்கணக்கில் திணறுகிற இலக்கணம் இது, நமக்குப் பிறந்தது முதல் கையில் இருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும்: தமிழில் பொருளுக்கும் ஐ போடலாம், ஸ்பானிஷில் பொருளுக்கு ஆ பெரும்பாலும் வராது.

நீ, நீங்க வித்தியாசம் இருக்குதுங்களா?

இருக்கிறது. தூ என்பது நீ, உஸ்தெத் என்பது நீங்கள். உஸ்தெத்துக்கு வரும் வினை 'அவர்' என்பதற்கு வருவதேதான். 'புவேதெஸ் எம்பியார்?' அனுப்ப முடியுமா என்று நீ போட்டுக் கேட்பது, 'புவேதே எம்பியார்?' நீங்கள் போட்டுக் கேட்பது. கடைசி ஸ் ஒன்றில் மரியாதை தொங்குகிறது. கொங்குப் பேச்சில் 'ங்க' விட்டுப்போனால் எப்படி உறைக்குமோ அப்படி லத்தீன் அமெரிக்காவின் பல பகுதிகளில் உஸ்தெத் இல்லாததும் உறைக்கும். ஸ்பெயினில் அலுவலகத்தில்கூட விரைவாகத் தூவுக்கு மாறிவிடுவார்கள். அவர்கள் மாறும்வரை நீங்கள் உஸ்தெத்திலேயே இருங்கள்.

நான், நாங்கள் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுத வேண்டியதில்லை. 'வந்தேன்' என்றாலே யார் என்று தெரிவதுபோல ஸ்பானிஷ் வினையின் முடிவே சொல்லிவிடும். வேலை செய்வது த்ரவஹார்: த்ரவாஹோ என்றால் நான், த்ரவாஹாஸ் நீ, த்ரவாஹா அவர், த்ரவஹாமோஸ் நாங்கள், த்ரவாஹான் அவர்கள். 'ஆர்' என்று முடிகிற வினைகளில் பெரும்பாலானவை இதே முடிவுகளைத்தான் எடுக்கும்.

ஆங்கில 'இங்' போட்ட வாக்கியமெல்லாம் எஸ்தோய்தானே?

இந்த நிமிடம் நடந்துகொண்டிருந்தால் மட்டும். 'எஸ்தாமோஸ் கொஸியேந்தோ' இப்போது தைத்துக்கொண்டிருக்கிறோம். "நாளைக்குக் கிளம்பறேன்" என்பது 'ஸால்கோ மன்யானா', சாதாரண நிகழ்காலம். தமிழிலும் நாளைக்கு நிகழ்கால வடிவத்தைத்தானே சொல்கிறோம்.

இறந்த காலத்தில் "வேலை பார்த்தேன்" என்று முடிந்துபோனதற்கு த்ரவஹே. "வேலை பார்த்துட்டு இருந்தேன்", "அப்பெல்லாம் தினமும் போவேன்" இரண்டுக்கும் த்ரவஹாவா, ஈவா என்கிற இன்னொரு இறந்த காலம்.

மெயிலை ஆங்கிலத்தில எழுதி மெஷின்ல போட்டா ஸ்பானிஷ் தப்பா வருது. ஏன்?

பெரும்பாலும் நம் ஊர் ஆபீஸ் ஆங்கிலம்தான் காரணம். பதில் அனுப்புங்கள் என்ற அர்த்தத்தில் 'ரிவர்ட்' என்று எழுதுகிறோம். மெஷின் அதை ரெவெர்தீர் ஆக்கினால், பழைய நிலைக்குத் திருப்புங்கள் என்று பொருளாகிவிடும். வேண்டியது ரெஸ்பொந்தேர். தெரிவியுங்கள் என்பதற்கு எழுதும் 'இன்டிமேட்', அந்தரங்கம் சார்ந்த சொல்லாக மாறிப் போகலாம். வேண்டியது இன்ஃபொர்மார். 'ப்ரீபோன்' இந்திய ஆங்கிலச் சொல், தேதியை முன்னால் இழுப்பதற்கு ஸ்பானிஷில் அதெலந்தார்.

மெஷினில் போடுவதற்கு முன் ஆங்கில வாக்கியத்தில் 'கெட்', 'டேக்', 'ஆஸ்க்' இருந்தால் மாற்றுங்கள். பெற்றோம், கொண்டுபோகிறோம், கோருகிறோம் என்று குறிப்பான சொல் போட்டால் பாதிப் பிழை போய்விடும். ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றே இருப்பதால் தூவா உஸ்தெத்தா என்பதை மெஷின் ஊகித்துத்தான் போடும். ஒரே மெயிலில் இரண்டும் கலந்து வந்திருக்கிறதா என்று கடைசியில் பாருங்கள்.

ஆங்கிலம் மாதிரியே இருக்கிற ஸ்பானிஷ் வினைகளை நம்பலாமா?

சிலவற்றை நம்பக் கூடாது. ரெயலிஸார் என்றால் செய்து முடிப்பது, உணர்வது 'தார்ஸே குவேந்தா'. கொந்தெஸ்தார் பதில் சொல்வது, போட்டியிடுவது அல்ல. அஸிஸ்தீர் பெரும்பாலும் கூட்டத்துக்குப் போய் கலந்துகொள்வது. ஸொபொர்தார் பொறுத்துக்கொள்வது. ஆதரவு தருவது அபொயார்.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லுங்க: ப்ளே, வொர்க், ரன், ஸ்டார்ட், ட்ரை, ரிட்டர்ன்?

விளையாடுவது ஹுகார், வாத்தியம் வாசிப்பது தொகார். ஆள் வேலை செய்வது த்ரவஹார், மெஷின் ஓடுவது ஃபுன்ஸியொனார்: 'லா போம்பா நோ ஃபுன்ஸியோனா', பம்பு ஓடவில்லை. மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை 'எல் மொதோர் நோ அர்ராங்கா', வேலை தொடங்குவது எம்பெஸார். ஆள் ஓடுவது கொர்ரேர். துணியில் சாயம் போவதற்குத் தனிச்சொல் உண்டு, அது தெஸ்தென்யீர்: 'எஸ்தே தெஹீதோ தெஸ்தீன்யே', இந்தத் துணி சாயம் போகிறது. திருப்பூர்க்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முயல்வது இந்தெந்தார், ருசி பார்ப்பதும் மெஷினை ஓட்டிப் பார்ப்பதும் ப்ரொவார், துணியைப் போட்டுப் பார்ப்பது ப்ரொவார்ஸே. ஆள் திரும்பி வருவது போல்வேர், சரக்கைத் திருப்பி அனுப்புவது தெவோல்வேர்.

ஸ்பெயினுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் வினைகள் மாறுமுங்களா?

ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி, சில சொற்கள் மாறத்தான் செய்யும். கவனிக்க வேண்டியவை இரண்டு. ஸ்பெயினில் பஸ்ஸைப் பிடிக்க, பையை எடுக்க கொஹேர் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். மெக்ஸிகோ, அர்ஜென்டினா போன்ற நாடுகளில் அதுவே உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். தொமார் எங்கேயும் பாதுகாப்பானது.

இரண்டாவது கன்ஸெலார். ஆர்டரை ரத்து செய்வதற்கு இது எங்கும் செல்லும். ஆனால் கொலம்பியா போன்ற நாடுகளில் பாக்கியைக் கட்டி முடிப்பதற்கும் இதே சொல்தான். பில்லைப் பற்றி கன்ஸெலார் என்று மெயில் வந்தால், பில் ரத்து என்று பதறாமல், பணம் கட்டிவிட்டீர்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மெயிலில் 'பீதோ' என்று பார்த்தேன், டிக்‌ஷனரியில் கிடைக்கவில்லை. ஏன்?

டிக்‌ஷனரியில் வினையின் மூல வடிவம் மட்டும்தான் இருக்கும், அது ஆர், ஏர், ஈர் என்று முடியும். பீதோவுக்கு பெதீர் என்று தேட வேண்டும். அடிக்கடி வருகிற வினைகளில் நடு உயிரெழுத்து மாறும்: பெதீர் பீதோ ஆகும், பொதேர் புவேதோ ஆகும், கெரேர் கியேரோ ஆகும். 'நாங்கள்' என்பதற்கு மாறாது, பெதீமோஸ், பொதேமோஸ் என்றே நிற்கும். 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச அகாதெமியின் அகராதி இணையத்தில் இலவசம், வினையின் திரிபுப் பட்டியலும் அதில் உண்டு. புது வினையை எழுதிவைக்கும்போது மூல வடிவத்தோடு 'நான்' வடிவத்தையும் சேர்த்தே எழுதுங்கள். 'பெதீர், பீதோ' என்று ஜோடியாக இருந்தால், அடுத்த மெயிலில் எந்த வடிவத்தில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.